கடல்பக்கம் இழுத்த லாரி

காத்திவாக்கத்துத் தண்டபாணி ஒரு வண்டியைக் குறை சொல்லி யாரும் கேட்டதே இல்லை. சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா எல்லையில் சேறும் சகதியுமான மலைப்பாதையில் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டவர் அவர். ஊர் திரும்பியதும் ராயபுரம் ஷாகுல் ஹமீது சாயபுவின் உப்பு மண்டியில் டிரைவராகச் சேர்ந்தார். அங்கே அவர் கையில் கொடுத்தது மிலிடரி ஏலத்தில் எடுத்த ஒரு கிழட்டு லாரி. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடிக்கும், ஹாரன் அடித்தால் கதவு திறந்துகொள்ளும். அதையும் வருஷக்கணக்கில் ஓட்டினார். “பாவம், அதுக்கு வயசாயிப்போச்சு” என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷன் புத்தம்புது லாரியைக் குறை சொன்னால் மண்டியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்காதா?

புது லாரி வந்தது ஐம்பத்து மூன்றில். சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய எஞ்சினும் சட்டமும்; அதன்மேல் தண்டையார்பேட்டையில் மரத்தால் கூடு கட்டி, கிளிப்பச்சைச் சாயம் பூசினார்கள். சாயபு பாத்திஹா ஓதவைத்தார். தண்டபாணி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். வண்ணாரப்பேட்டை மெக்கானிக் லூர்து தன் பங்குக்குப் பானெட்மேல் சிலுவை போட்டுவிட்டுப் போனார். ஆக எல்லாச் சாமிகளிடமும் சொல்லியாயிற்று. அப்புறமும் அந்த லாரி முதல் வாரத்திலேயே இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது.

“சாயபு, வண்டி பீச்சாங்கை பக்கம் இழுக்குது” என்றார் தண்டபாணி.

“புது வண்டிப்பா! பழகாத மாடு மாதிரி கொஞ்சம் அப்டித்தான் இழுக்கும், போவப்போவ சரியாயிடும்” என்றார் சாயபு. புது வண்டி வாங்கிய பெருமையில் அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

சரியாகவில்லை. காலையில் எண்ணூர் உப்பளத்துக் கொட்டடியில் மூட்டை ஏற்றிக்கொண்டு, காத்திவாக்கம், திருவொற்றியூர் வழியாக ராயபுரத்துக்கு வரவேண்டும். அந்தப் பாதையில் வரும்போது கடல் இடப்பக்கம், உப்பளம் வலப்பக்கம். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் போதும், வண்டி கடலைப் பார்த்துக் கிளம்பிவிடும். வலப்பக்கம் இழுத்து இழுத்துத் தண்டபாணிக்குத் தோள்பட்டை கழன்றது. மண்டிக்கு வந்து இறங்கினால் டீ கிளாஸைக்கூட இடக்கையால்தான் தூக்குவார்.

லூர்து லேசுப்பட்ட ஆளில்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நூல் கட்டிப் பார்த்து, தேங்காய் நார் கனம்கூட வித்தியாசம் இல்லாமல் நேராக்கினார். டயரை மாற்றிப் போட்டார். பாரம் தாங்கும் கமான் பட்டையைத் தட்டிப் பார்த்தார். பிறகு காலி வண்டியைத் தானே ஓட்டிப் பார்த்தார். வண்டி கோடு கிழித்தாற்போல் போனது. மறுநாள் காலை மறுபடி அதே கதை. தண்டபாணி வந்து நிற்பதும், லூர்து படுத்துக்கொண்டு வண்டிக்கடியில் போவதுமாக ஒரு பருவமே ஓடிவிட்டது. “காத்திவாக்கத்துச் செம்படவன் கைபட்ட லாரி, கடலுக்குப் போவாம வேற எங்க போவும்?” என்று மண்டிக் கூலிகள் கேலி பேசினார்கள்.

இதில் ஒரு விஷயத்தைத் தண்டபாணி லூர்துவிடமும் சொல்லவில்லை, சாயபுவிடமும் சொல்லவில்லை. காத்திவாக்கத்தில் அவர் வண்டியை நிறுத்துவார். கழிமுகத்தில் பிடித்த எறாவைக் கூடையில் வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்கள் காத்திருப்பார்கள். அவர் பெண்டாட்டி முத்தம்மாவும் அதில் ஒருத்தி. எல்லாரும் மூட்டைமேல் ஏறிக்கொள்வார்கள். மண்டி கண்ணில் படுவதற்கு முன்பே, காசிமேட்டுத் திருப்பத்தில் இறங்கி மார்க்கெட்டுக்கு நடந்துவிடுவார்கள். சரக்கு லாரியில் ஆள் ஏற்றினால் பர்மிட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சாயபு ஆயிரம் தடவை எச்சரித்திருந்தார். ஆனால் ஏற்றாமல் விட்டால் அத்தனை பேரும் தலைச்சுமையோடு நடக்கவேண்டும். ராயபுரம் போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறி எறா நாறிப்போகும். தண்டபாணிக்கு மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். கிழட்டு லாரிக் காலத்திலிருந்தே நடந்துவந்த பழக்கம் இது.

ஒருநாள் திருவொற்றியூர் அருகே ஒரு மாட்டுவண்டியை நூலிழையில் உரசாமல் தப்பினார். அந்தச் செய்தி அவருக்கு முன்னால் மண்டிக்குப் போய்விட்டது. சாயபு தாடியைத் தடவிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: “தண்டபாணி, நீ நல்லவன்தான். ஆனா ஒண்ணு வண்டில கோளாறு கீது, இல்லாட்டி உன் கைல கோளாறு கீது. நாளைக்கு லோடு ஏத்தினு வர்றப்போ லூர்து உன் பக்கத்துல ஒக்காந்து வரட்டும். வண்டி கோளாறுன்னா கம்பெனிக்காரன் சட்டையப் புடிக்கிறேன். கை கோளாறுன்னா, எங்க அக்கா மவன் பஷீரு ஸ்டியரிங் புடிக்கட்டும். நீ கொட்டடியப் பாத்துக்கோ.”

தண்டபாணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. பர்மாவில் குண்டு விழும்போதுகூட ஸ்டியரிங்கை விடாதவரை, உப்பு மூட்டைக்குக் காவல் உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்? லூர்து வருகிறார் என்பதால், “நாளைக்கு ஒரு நாளு நடந்தே போங்க” என்று பெண்களிடம் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் லூர்து பக்கத்தில் உட்கார்ந்துவர, முழு லோடோடு வண்டி கிளம்பியது. காத்திவாக்கம் தாண்டியது. திருவொற்றியூர் தாண்டியது. அடேயப்பா! வண்டி ரயில் தண்டவாளத்தில் போவதுபோல் நேராகப் போனது. தண்டபாணி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தே பார்த்தார். அப்போதும் நேராகத்தான் போனது. லூர்து அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். வண்டியில் இன்று என்ன குறைகிறது என்று அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்தது.

உறைத்து என்ன பிரயோஜனம்? வாயைத் திறந்தால் தன் கையில் கோளாறில்லை என்று நிரூபித்துவிடலாம். ஆனால் நாளையிலிருந்து பெண்கள் யாரும் லாரியில் கால் வைக்க முடியாது. மண்டியில் லூர்து தலையைக் குனிந்துகொண்டு, “வண்டி நேராத்தான் வருது சாயபு” என்று சொன்னபோது, தண்டபாணி கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றார். “சரி, இந்த வாரம் முடியட்டும். அப்புறம் பஷீரு வந்துக்குவான்” என்றார் சாயபு. சொல்லிவிட்டு அவரே போய்த் தண்டபாணிக்கு டீ சொன்னார்.

வீட்டுக்கு வந்து முத்தம்மாவிடம்தான் விஷயத்தைக் கொட்டினார்.

“அப்போ இழுத்தது வண்டி இல்ல, நாங்கதானா?” என்றாள் அவள். “இத்த ஏன்யா நீ சாயபுகிட்ட சொல்லல?”

“சொன்னா உங்கள ஏத்த விடமாட்டாரு.”

“பஷீரு வந்தா மட்டும் ஏத்துவானா? உன் சீட்டும் போயி எங்க வண்டியும் போவும். உனுக்கு இன்னா பித்துக்கித்துப் புடிச்சிகீதா?”

தண்டபாணி இந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. நல்ல மனுஷன்தான். ஆனால் நல்லவர்களுக்கு இந்த மாதிரி சமயத்தில் புத்தி வேலை செய்வதில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் பெண்கள் ஏறினார்கள். காசிமேட்டுத் திருப்பத்தில் வண்டி நின்றது. ஒருத்தியும் இறங்கவில்லை.

“எறங்குங்க, நேரமாவுது” என்றார் தண்டபாணி.

மேலேயிருந்து மங்கம்மாவின் குரல் வந்தது. அந்தக் கூட்டத்தில் மூத்தவள், புருஷனை இழந்தவள். அவள் வாய்க்கு மார்க்கெட்டில் போலீஸ்காரனே ஒதுங்கிப் போவான். “நீ ஓட்டுய்யா. இன்னிக்கு மண்டிலதான் எறங்கறோம்.”

கிளிப்பச்சை லாரி இடப்பக்கம் சாய்ந்தபடி, கூடையும் கொண்டையுமாக மண்டிக்குள் நுழைந்தது. சாயபு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அவரோடு டீ குடித்துக்கொண்டிருந்த லூர்து கிளாஸோடு வெளியே வந்தார்.

“இன்னாடா இது, லாரியா தேரா?” என்று சாயபு கத்தினார்.

“தேருதான் சாயபு, சாஞ்ச தேரு” என்றாள் மங்கம்மா. “உன் வண்டிக்குப் புடிச்ச சீக்கு நாங்கதான். நல்லாப் பாத்துக்கோ. எறங்குங்கடி எல்லாம்!”

பெண்கள் இறங்கினார்கள். அமுங்கிக் கிடந்த இடப்பக்கத்துக் கமான், பெருமூச்சு விட்டாற்போல் முனகிக்கொண்டு நிமிர்ந்தது. “இப்ப ஏறுங்கடி!” என்றாள். ஏறினார்கள். வண்டி மறுபடி இடப்பக்கம் சாய்ந்தது. லூர்து தரையில் குந்திப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அடப்பாவி மாமு! அச்சுல கோளாறான்னு அவுத்து அவுத்து மாட்டினு கெடந்தேனே! இன்னா சரக்கு ஏத்துறேன்னு உன்ன எத்தினி வாட்டி கேட்டேன்?”

“சரக்குதான கேட்ட?” என்றார் தண்டபாணி பரிதாபமாக. “இவளுங்கள எப்டி சரக்குன்னு சொல்றது?”

கூலிகள் சிரித்துவிட்டார்கள். சாயபுவுக்கும் மீசைக்குள் சிரிப்பு வந்தது. ஆனால் பர்மிட் ஞாபகம் வந்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

“ஏத்தாதன்னு சொல்லிகீறேன், ஏத்திகீற. அத்த அப்பால பேசிக்கலாம். ஏம்மா, ஏறினதுதான் ஏறினீங்க, ரெண்டு பக்கமும் பிரிஞ்சி ஒக்காந்தா இன்னா? அந்தப் பக்கம் முள்ளு கீதா?”

மங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இந்தத் தடவை அவள் குரல் இறங்கிப்போயிருந்தது.

“அந்தப் பக்கம் உப்பளம் கீது சாயபு. எங்க வூட்டு ஆம்பளைங்க இந்தப் பக்கம் கீறாங்க.”

விடிவதற்கு முன்னால் கட்டுமரம் ஏறிப் போனவர்கள். பெண்கள் எறாவோடு லாரி ஏறும்போது அவர்கள் இன்னும் கரை திரும்பியிருக்க மாட்டார்கள். ராயபுரம் வரும்வரை ஒவ்வொருத்தியும் தன் வீட்டு மரத்தின் பாய் தெரிகிறதா என்று கடலைப் பார்த்துக்கொண்டே வருவாள். பாயின் கிழிசலையும் ஒட்டுத்துணியையும் வைத்தே யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். தெரிந்துவிட்டால் அன்றைக்கு வியாபாரத்தில் மனசு நிற்கும். தெரியாவிட்டால் கூடை காலியாகும்வரை எண்ணிய சில்லறையையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருப்பார்கள். இப்படி இருப்பவர்களை உப்பளத்தைப் பார்த்து உட்காரச் சொன்னால் எவள் உட்காருவாள்?

சாயபு லூர்து கையிலிருந்த டீ கிளாஸை வாங்கி, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். “மூட்டைய சோத்தாங்கை பக்கமா ஒசத்தி அடுக்கச் சொல்லு” என்றார் லூர்துவிடம். “தண்டபாணி, போலீசு கேட்டா, மண்டிக்குக் கூலிக்கு வர்ற பொம்பளைங்கன்னு சொல்லு. பஷீருக்கு வேற வேல பாத்துக்கலாம். நாளைக்கு நானே கூட வரேன், அப்பவும் இழுத்துதுன்னா பாரு.”

தண்டபாணி ஏதோ சொல்லப் போய், “டீ சொல்லட்டா சாயபு?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் சாயபு முன்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்தார். வலப்பக்கம் மூட்டை, இடப்பக்கம் பெண்கள். வண்டி நேராகக் கிளம்பியது. நேராகப் போகவிடாதவர் தண்டபாணிதான். பழக்கதோஷத்தில் வலப்பக்கம் இழுத்து இழுத்து, உப்பளத்தைப் பார்த்துக் கொண்டுபோனார். “இன்னாய்யா, இப்போ உனுக்கு உப்பு வேணுமா?” என்று மேலேயிருந்து முத்தம்மா கத்தினாள். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

திருவொற்றியூரை நெருங்கும்போது கடலில் பாய்கள் தெரிந்தன. “அது எங்கூட்டுது!” “அதோ, ரகுபதி மரம்!” என்று ஒவ்வொரு குரலாகக் கேட்டது. மங்கம்மாவின் குரல் மட்டும் கேட்கவில்லை. அவள் ஒரே மகன் குமாரவேலு அன்று காற்று ஒரு மாதிரி இருக்கும்போதே போயிருந்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். தண்டபாணி யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைத்து, ஓரமாக வண்டியை நிறுத்தினார். சாயபுவின் மூட்டை அன்று சரக்கு ரயிலுக்குப் போகவேண்டியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தண்டபாணி அவரைப் பார்த்தார். சாயபு கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கதவைத் திறந்துகொண்டு படியில் நின்றார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

“எம்மா மங்கம்மா, அதோ ரொம்பத் தூரத்துல, செவப்பு ஒட்டுப் போட்ட பாயி... அது யாருது?”

மேலே மூட்டைகள் குலுங்கின.

“என் புள்ளது சாயபு! என் கொமாரவேலுது!”

அழுகையும் சிரிப்புமாக அவள் போட்ட கூச்சலில் சாலையில் போன மாடே மிரண்டது. சாயபு உள்ளே வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கண்ணில் உப்புக்காற்று பட்டுவிட்டதென்று துடைத்துக்கொண்டார்.

“போலாம்ப்பா” என்றார். “இன்னும் நாலு வூட்டு மரம் தெரியல. மெதுவாவே ஓட்டு.”