நிறுத்தியதும் நின்றதும்

எங்கள் அம்மா கோர்ட்டுக்குப் போனது ஒரே ஒரு சொல்லுக்காக. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. மலைமேல் இருக்கும் எங்கள் ஊரான வாழவந்தி நாட்டிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் மலையிறங்கி, அடிவாரத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு உரிக்கப் போய்க்கொண்டிருந்தாள் அம்மா. ஒருநாள் அரவை மெஷினில் ஒரு பெண்ணின் முந்தானை சிக்கிக்கொண்டது. யாரையும் கேட்காமல் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். அந்தப் பெண் பிழைத்தாள். மெஷினை நிறுத்தியதற்காக அம்மாவை நிறுத்திவிட்டார்கள்.

கோர்ட்டில் ஆலைக்காரர்கள் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "நாங்க நிறுத்தலீங்க, அந்தம்மா தானாத்தான் நின்னுருச்சு" என்று ஆலை மேனேஜர் சாதித்தார். தானாக நின்றவளுக்குச் சட்டத்தில் ஒன்றும் கிடையாதாம். வேலை போனதைவிட அந்தப் பொய்தான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

வாய்தா வாய்தாவாகச் சேலத்துக்கு அலைந்தாள். ஜெயித்தாலும் வக்கீல் செலவு நம் தலையில்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வருஷா வருஷம் எங்கள் மிளகு விற்ற காசெல்லாம் வக்கீலுக்குப் போனது. ஒரு மணி மிளகைக்கூட அம்மா வீட்டில் வைக்கமாட்டாள். எங்கள் ரசம் வெறும் புளித்தண்ணீர்தான். "உட்டுத் தொலை புள்ள" என்று அப்பா சலித்துக்கொள்வார். மறு வாய்தாவுக்கு அவரே பஸ் ஏற்றிவிடுவார்.

நான் ஏழாவது படிக்கும்போது தீர்ப்பு வந்தது. நிறுத்தியது தப்பு, திரும்ப வேலை கொடுக்க வேண்டும். பாக்கிச் சம்பளம் வழக்குச் செலவுக்கே சரியாகப் போயிற்று. ஆனாலும் இனி மாதாமாதம் சம்பளம் வரும், எனக்குச் சைக்கிள் வரும் என்று குதித்தேன். அம்மா மறுபடி சேர்ந்த அன்று எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. என்னையும் கூட்டிப் போனாள். சாயங்காலம்வரை கிழங்கு உரித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அதே மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, நாளைக்கிருந்து நான் வரலீங்க. இப்பத்தான் நானா நின்னுக்கறேன்."

"இதுக்கா இத்தனை வருசம் அலைஞ்சீங்க?" என்றார் அவர்.

"ஆமாங்க."

சைக்கிள் போன துக்கத்தில் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஊர்க்காரர் ஒருவர், "மறுபடி வேலையில சேந்துட்டீங்களாமா?" என்று அம்மாவை விசாரித்தார்.

"சேந்தனுங்க. நின்னுட்டேன்" என்றாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி. சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வேலையை விட்டுவிட்டு இப்படிச் சிரிக்கிறாளே, அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.