தொலைந்த ஊசி முனை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறேன். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் ஒப்படைத்தால்தான் புது ஊசி தருவார்கள். அன்று முனை மட்டும் கிடைக்கவில்லை. அவசரத்தில், எப்போதோ கிடைத்த பழைய முனை ஒன்றைக் கொடுத்து ஏமாற்றிவிட்டேன்.

தொலைந்த முனை, ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்த செக்கர் ஸ்டெல்லாவின் விரலில் ஏறிவிட்டது. முன்பு போட்ட ஒரு சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. வேலை போய்விடும் என்ற பயத்தோடே அவளிடம் உண்மையைச் சொன்னேன்.

கட்டுப்போட்ட விரலைப் பார்த்தபடி, "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல திருவிருந்து அப்பம் வாங்க இந்தக் கையத்தான் நீட்டணும். உம்மேல கோவத்த வெச்சிகினு எப்டி நீட்டுவேன்? வா வசந்தி, சூப்பர்வைசர்கிட்ட நீயே சொல்லிடு. நானும் கூட வர்றேன்" என்றாள்.

எச்சரித்து விட்டுவிட்டார்கள்; வேலை தப்பியது. இப்போதெல்லாம் ஊசி உடைந்தால், முனை கிடைக்கும்வரை மெஷினைத் தொடுவதில்லை. ஸ்டெல்லாவும் வந்து என்னோடு குனிந்து தேடுகிறாள்.