முன்னாடியா, பின்னாடியா

எங்கள் லைனில் பெண்கள் எல்லாருமே ஓடுகிறவர்கள்தான். ஓடிப் பெயர் வாங்கியது அத்தை மட்டும்.

கோலார் தங்க வயலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்கெலட்டன் குடியிருப்பில் லைன் என்று நாங்கள் சொல்லும் எங்கள் வீட்டு வரிசைக்கும், சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய ஷாப்டுக்கும் நடுவில் ஒரு மைதானம்தான் தூரம். சுரங்கம் ஓடிய காலத்தில் அடியில் எங்காவது பாறை வெடித்தால் மேலே நிலம் ஆடும், பாத்திரம் குலுங்கும். உடனே பெண்கள் போட்டது போட்டபடி ஷாப்ட் கேட்டுக்கு ஓடுவார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் யார் மேலே வருகிறார்கள், யார் வரவில்லை என்று பார்க்கத்தான் அந்த ஓட்டம்.

நான் பிறப்பதற்கு முன்பே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். உள்ளே ஆள் கிடையாது. தண்ணீர்தான் லெவல் லெவலாக ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும் எப்போதாவது நிலம் ஆடும். பெண்களும் ஓடுவார்கள். பூட்டிய கேட்டின் முன்னால் போய் நின்றபிறகுதான் உள்ளே யாரும் இல்லை என்பது அவர்களுக்கு நினைவு வரும். வந்தாலும் உடனே திரும்ப மாட்டார்கள். மாவு ஒட்டிய கையோடும் பாதி பின்னிய தலையோடும், ஷாப்டின் உச்சியில் நின்றுபோன கேஜ் சக்கரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார்கள். ஒருமுறை அம்மாவிடம், "யாரு வரணும்னு போயி நிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"தெரிலடி. காலு போவுது" என்றாள் அம்மா.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நூறு மீட்டர் ஓட்டக்காரி. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை வாங்கியவள். தாத்தா சுரங்கத்துக்குள் இறந்த அன்று, நிலம் ஆடியதும் கேட்டுக்கு முதல் ஆளாகப் போய் நின்றது ஏழு வயது அத்தைதான் என்று அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, இவ காலு சாதாரண காலு இல்லன்னு" என்று முடிப்பார். அவர் அந்தக் கதையை ஆரம்பித்ததும் அத்தை எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவாள். தற்பெருமை பிடிக்காதவள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பல நாட்டுப் பெண்கள் ஓடும் பெரிய சர்வதேசத் தடகளப் போட்டிக்கு அத்தை தேர்வானாள். அதற்கு முன் சில நாள் விடுமுறையில் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் சந்தோஷமாக இல்லை. அவளுக்கு ஒரு கோளாறு இருந்தது. துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே சில சமயம் எழுந்து ஓடிவிடுவாள். நூறு மீட்டரில் ஒருமுறை முந்தி எழுந்தால் போதும், சிவப்பு அட்டை காட்டி அனுப்பிவிடுவார்கள். நாட்டுக்குள் நடந்த இரண்டு போட்டிகளில் அப்படி வெளியே வந்திருந்தாள். இன்னொரு தரம் நடந்தால் இனிமேல் பயிற்சி கொடுக்க மாட்டேன் என்று கோச் சொல்லிவிட்டாராம்.

அதனால் தினமும் மாலையில் சயனைட் மேட்டின் அடியில் இருக்கும் சமதரையில் பயிற்சி. தங்கம் எடுத்தபின் கொட்டிய மண்தான் அந்த மேடு. புல் முளைக்காது. பறவை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கீலால் சேர்த்த இரண்டு பலகைகளை அத்தை என் கையில் கொடுத்திருந்தாள். அவள் குனிந்து கையை ஊன்றியதும் நான் "செட்" என்று சொல்லி, என் இஷ்டத்துக்குக் காத்திருந்து, பலகையைத் தட்ட வேண்டும். தட்டியதும் மேட்டில் பட்டு இன்னொரு தட்டல் திரும்பி வரும். அங்கேயும் ஒரு பெண் பலகையோடு நிற்கிறாள் என்று நினைத்து முதல் நாள் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

முதல் நாளே அத்தை பலகைக்கு முன்னால் எழுந்துவிட்டாள். நூறு மீட்டரையும் ஓடி முடித்து, இடுப்பில் கைவைத்தபடி நடந்து வந்து என்னிடம், "இப்ப நெலம் ஆடிச்சா?" என்று கேட்டாள்.

ஓடுகிறவளுக்குக் காலடியில் நிலம் ஆடுவது தெரியாது. நின்றுகொண்டிருப்பவளுக்குத்தான் தெரியும். அதனால் என்னைக் கேட்கிறாள் என்பது புரிந்தது. "இல்லியே" என்றேன் உண்மையாக.

அவள் முகம் வாடிவிட்டது. தனக்குத்தானே தண்டனையாக இன்னும் இருபது தரம் ஓடினாள். அதில் நேரமாகி, நாங்கள் ஆண்டர்சன்பேட்டை பேக்கரிக்குப் போனபோது எனக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன கிரீம் பன் தீர்ந்துபோயிருந்தது.

மறுநாளும் முந்தினாள். "ஆடிச்சா?"

எனக்குக் கண்ணில் தெரிந்தது பன்தான். "ஆடிச்சு அத்தை."

"நெஜமா? நான் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இது என்ன கேள்வி என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் எந்தப் பதில் வேண்டும் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. "முன்னாடி" என்றேன்.

அத்தை மூச்சை விட்டாள். அன்று சீக்கிரமே பயிற்சி முடிந்தது, பன்னும் கிடைத்தது. அதன்பிறகு அவள் முந்தும் ஒவ்வொரு முறையும் நான் நிலத்தின்மேல் பழியைப் போட்டேன். பொய் சொல்கிறோம் என்று உறுத்தவே இல்லை. அத்தைக்கும் எனக்கும் மட்டும் ஒரு ரகசியம் இருப்பதுபோல் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் போட்டிக்குக் கிளம்புவதற்கு முந்தின மாலை. காற்று துளிகூட வீசவில்லை. நான் "செட்" சொன்னேன். அத்தையின் இடுப்பு மேலே எழும்பி நின்றது. பலகையைப் பிரித்துப் பிடித்தேன், தட்டவில்லை. அவள் பாய்ந்துவிட்டாள். பாதித் தூரம் போயிருப்பாள், அப்போது என் குதிகாலில் ஏதோ தொட்டது. முழங்கால் வழியாக ஏறிப் பல்லுக்கு வந்தது. தரையில் இருந்த சின்னக் கற்கள் ஒரு தரம் துள்ளி அடங்கின. பக்கத்து அறையில் யாரோ அரிசி மூட்டையைப் போட்டதுபோல் அடியிலிருந்து ஒரு சத்தம். என் பின்னால் மேட்டிலிருந்து மண் சரசரவென்று வழிந்து இறங்கியது. நான் பலகையைத் தட்டவில்லை. சத்தியமாகத் தட்டவில்லை. ஆனால் மேட்டிலிருந்து தட்டல் வந்தது.

அத்தைக்கு எதுவும் தெரியாது. ஓடி முடித்துத் திரும்பியவள், தூரத்தில் லைன் பெண்கள் கேட்டை நோக்கி ஓடுவதைப் பார்த்தாள். எப்போதும் நடந்து வருகிறவள் அன்று என்னிடம் ஓடி வந்தாள்.

"ஆடிச்சா?"

"ஆடிச்சு."

"முன்னாடியா, பின்னாடியா? சரியா சொல்லு."

பின்னாடிதான். அவள் பாதித் தூரம் போனபின். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் பழகின வாய் பழகினதையே சொன்னது. "முன்னாடி."

என் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணுக்குள் பார்த்தாள். அவ்வளவு ஓடி வந்தவளின் கை ஐஸாக இருந்தது. அன்று எனக்கு இரண்டு பன் வாங்கிக் கொடுத்தாள். இரண்டாவது இறங்கவில்லை. இத்தனை நாள் நான் பொய்யாக இழுத்துவிட்ட நிலம், நேரிலேயே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனதாகத் தோன்றியது. எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊரில் மதியம், எங்களுக்குக் காலை பதினொரு மணி இருக்கும். சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக வந்தவர்கள், சர்ச்சுக்கே போகாதவர்கள் என்று லைன் பெண்களில் பாதிப் பேர் எங்கள் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நேரடி ஒளிபரப்பு. டிவிக்கு மேலே இருந்த பலகையில் தண்ணீர் டம்ளர் ஒன்று இருந்தது. நான் எல்லாருக்கும் முன்னால் திரையை ஒட்டிச் சம்மணம் போட்டிருந்தேன்.

எட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அத்தைக்கு ஆறாவது பாதை. பெயரும் கொடியும் வந்ததும் அம்மா மூக்கை உறிஞ்சினாள். யாரோ ஒரு அக்கா, "இன்னாடி இவ்ளோ மெலிஞ்சிட்டா" என்றாள். எட்டுப் பேரும் குனிந்தார்கள். எட்டு இடுப்புகளும் எழும்பி நின்றன.

அப்போது டம்ளர் கிணுகிணுத்தது.

தரை ஒரு தரம் புரண்டது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள், அம்மாவும்தான். அப்பா வாசலுக்குப் போய் நின்றார். டம்ளர் இன்னும் அடங்கவில்லை, திரையில் அத்தை தன்னந்தனியாகப் பாய்ந்தாள். அதற்குப்பிறகு ஓட்டத்தை நிறுத்தச் சொல்லித் துப்பாக்கி இரண்டு தரம் வெடித்தது. ஒரு அதிகாரி ஆறாவது பாதைக்கு நடந்து வந்து சிவப்பு அட்டையைக் காட்டினார். அத்தை வாதாடவில்லை. குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள்.

அதை எங்கள் வீட்டில் பார்த்தது நான் ஒருத்திதான். யார் ஓடுவதைப் பார்க்க வந்தார்களோ, அவள் ஓடிய நேரத்தில் அவர்கள் எல்லாரும் ஆளில்லாத சுரங்கத்தின் கேட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அத்தை வந்தாள். அப்பா ஃபோனிலேயே சொல்லியிருந்தார், அவள் ஓடிய நேரத்தில் இங்கே நிலம் ஆடியது என்று. பையைக்கூடப் பிரிக்காமல் என் கையைப் பிடித்து மேட்டுக்கு அழைத்துப் போனாள்.

"நீதானே பாத்துனு இருந்த. ஆடினது முன்னாடியா, பின்னாடியா?"

முதன்முறையாக நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "முன்னாடி அத்தை. சாமி சத்தியமா. டம்ளர் ஆடிச்சு, அப்புறம்தான் நீ ஓடின."

அத்தை அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். தோற்றுப்போனதற்கு அழுகிறாள் என்று நினைத்து, "அடுத்த வாட்டி ஜெயிச்சுடலாம் அத்தை" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் அழுகைக்கு நடுவில் சிரித்து என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்குப்பிறகு நான்கு வருடம் ஓடினாள். கோச் எப்படியோ மனம் இறங்கினார். ஒருமுறைகூட அவள் முந்தி எழவில்லை. என்னை அந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

நான் காலேஜில் படிக்கும்போது, ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே அம்மா மீதிக் கதையைச் சொன்னாள். தாத்தா இறந்த அன்று கேட்டில் இருந்த வாட்ச்மேன் வேறு மாதிரி சொன்னாராம். பாப்பா மூச்சிரைக்க வந்து நின்றது, இன்னா பாப்பா என்று கேட்டேன், அதற்கு அப்புறம்தான் ஆடியது என்று. அந்தப் பேச்சு லைன் முழுக்கப் பரவியிருக்கிறது. "நீ இன்னாத்துக்குடி முன்னாடியே வந்து நின்ன?" என்று வீட்டுக்கு வீடு அந்தக் குழந்தையைக் கேட்டிருக்கிறார்கள். ஷிப்டுக்குக் கிளம்பும் ஆண்களுக்கு எதிரே வரக்கூடாது என்று சில வீடுகளில் அவளை விரட்டியும் இருக்கிறார்கள். அப்பா அத்தனை வருடமாக அந்தக் கதையைத் திருத்தித் திருத்திச் சொன்னதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. எவ்வளவு நல்ல வேலை செய்தோம், நம்முடைய ஒரு உண்மை அத்தையை விடுவித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தச் சந்தோஷம் போன வருடம் வரை இருந்தது. இப்போது நான் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் ஃபோனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஃபோனில் பந்து வீச்சாளர் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே, மைதானத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் அவரைக் கூப்பிட்டு அவுட் என்று சொல்லிவிட்டார். பெட்டியில் எல்லாரும் சிரித்தார்கள். "லைவ்னு போட்டாலும் படம் நாலஞ்சு செகண்டு லேட்டாத்தான் சார் வரும், எப்பவுமே அப்படித்தான்" என்று ஒருவர் விளக்கினார்.

டம்ளர் ஆடியதற்கும் திரையில் அத்தை பாய்ந்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. படம் வந்து சேரப் பிடித்த நேரம் அதைவிட அதிகம். அங்கே அவள் கால் தரையை விட்டபோது இங்கே எங்கள் வீட்டில் டம்ளர் அசையாமல் இருந்திருக்கிறது.

அத்தையிடம் சொல்லவில்லை. போன மாதம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது கல்யாணமாகி, உடம்பு போட்டு, மாடி ஏறினால் இரைக்கும். டீயைக் குடித்தபடி ரேஷன் கார்டு விஷயமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், பாதிப் பேச்சில் சட்டென்று எழுந்து நின்றாள். ஒரு கால் முன்னால் போயிருந்தது. தன் காலையே குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஏழு வயதுதான் இருந்தது.

"ஆடிச்சாடி?"

மேஜைமேல் அவள் டம்ளர் அப்படியே இருந்தது. டீயில் ஒரு வளையம்கூட இல்லை.

"ஆடிச்சு அத்தை."

"முன்னாடியா?"

"முன்னாடிதான். உக்காரு."

அத்தை உட்கார்ந்தாள். ரேஷன் கார்டைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள். நான் அவள் டம்ளரை எடுத்து, இனி நிலம் ஆடினாலும் சத்தம் வராதபடி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.