ஆவாரம்பட்டைத் தூள்

தனகோடி என்று பெயர் வைத்தார்களே தவிர, அவனிடம் சொல்லிக்கொள்ள இருந்தது மெக்கானிக் என்ற பட்டம் ஒன்றுதான். முதலாம் உலகச் சண்டையின்போது பட்டாளத்துக்குக் கூலியாளாகச் சேர்ந்து பஸ்ராவுக்குக் கப்பலேறினான். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்களின் மோட்டார் சைக்கிள்களைத் துடைக்கப் போனவன், இரண்டே வருஷத்தில் அவற்றைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டு ஆம்பூருக்குத் திரும்பினான். அப்பன் தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்தவர். இவனும் பிறந்ததிலிருந்து அந்த வாடையிலேயே வளர்ந்தவன். ஒரு தோலைத் தடவிப் பார்த்தே அது எத்தனை நாள் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறியது என்று சொல்லிவிடுவான். இரண்டு வித்தையும் தெரிந்தவன் என்று ஊரில் பேர். அந்தப் பேரில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஷாப்பு முதலாளி ஜியாவுல்லா சாயபு, ஊருக்குப் போகும் ஒரு துரையிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். பக்கவாட்டில் ஒரு ஆள் உட்காரும் தொட்டியும் உண்டு. வண்டியைப் பார்த்துக்கொள்வது தனகோடியின் வேலை. அந்தக் காலத்துப் பெட்ரோலில் தண்ணீரும் தூசும் கலந்திருக்கும். எண்ணெயில் பதனிட்ட சீமைத்தோலில் வடிகட்டித்தான் டாங்கில் ஊற்ற வேண்டும். வண்டியோடு வந்த சீமைத்தோல் துண்டு கிழிந்துபோனது. தோல் ஊரில் தோலுக்கா பஞ்சம்? தனகோடி ஷாப்பிலிருந்து ஓர் ஆட்டுத்தோலை எடுத்து, சீவிச் சீவி மெல்லிசாக்கி, பொடித் துளைகள் போட்டுப் புனலில் பொருத்தினான். நம்ம சரக்கு சீமைக்கே போகிறது, சீமைத்தோல் நமக்கெதற்கு என்று சாயபுவும் மெச்சிக்கொண்டார்.

தப்பு அங்கேதான். அதை இப்போதே சொல்லிவிடலாம், ஒளித்து வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட அந்தத் தோல் பெட்ரோல் பட்டு வறண்டு, மாவு போலத் தூளை உதிர்த்தது. தூள் கார்புரேட்டரில் இறங்கி, பெட்ரோலை அடைக்கும் ஊசியின் துளையில் ஒட்டிக்கொண்டது. ஊசி சரியாக அமரவில்லையென்றால் பெட்ரோல் நிற்காது. கார்புரேட்டரின் கிண்ணம் நிரம்பி வழியும். எஞ்சினுக்குள்ளும் அளவுக்கு மீறிப் போய்ப் பிளக்கை நனைத்து வண்டியை நிறுத்திவிடும்.

தனகோடி பார்க்காத இடமில்லை. கிண்ணத்துக்குள் மிதந்து ஊசியைத் தூக்கும் பித்தளை மிதவையைக் காதோரம் ஆட்டிப் பார்த்தான். ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்த சத்தமில்லை. ஊசியைத் தேய்த்துப் பொருத்தினான். கிண்ணத்தின் அடியில் கிடந்த பழுப்புத் தூளை ரோட்டுப் புழுதி என்று துடைத்தெறிந்தான். துடைத்தால் வண்டி ஓடும். மறுபடி பெட்ரோல் ஊற்றினால் நாலைந்து மைலில் பழைய கதைதான். தோலின் மேல் மட்டும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் ஆயிற்றே!

முப்பத்து நாலாம் வருஷம், பங்குனி மாதம். அவன் மனைவி பூவம்மாளுக்கு முதல் பிரசவம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. வலி கண்டு ஒரு நாள் ஆகியும் பிறக்கவில்லை. காலையில் மருத்துவச்சி கையை உதறிவிட்டாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இரண்டு உயிரும் தப்பும் என்றாள். முப்பது மைல். காலை ரயில் போய்விட்டது. பஸ் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது. சாயபு யோசிக்காமல் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பூவம்மாளின் தாய் கெங்கம்மாள் பஸ்ஸிலேயே போகலாம் என்று கெஞ்சினாள். பஸ் புறப்படும் நேரத்துக்கு நாங்கள் வேலூரில் இருப்போம் என்று தனகோடி அவள் வாயை அடைத்துவிட்டான். தொட்டியில் தலையணை போட்டு பூவம்மாளை உட்கார வைத்தான். கெங்கம்மாள் பஸ்ஸில் பின்னால் வருவதாக ஏற்பாடு.

மாதனூரில் வண்டி கரும்புகை கக்கி நின்றது. கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, பிளக்கைக் காயவைத்து, வழிந்து வீணான பெட்ரோலுக்கு ஈடாக டின்னிலிருந்து ஊற்றினான். புனலில்தான், தோலில் வடிகட்டித்தான். அகரம்சேரி தாண்டியதும் மறுபடி நின்றது. மறுபடி துடைத்தான், மறுபடி ஊற்றினான். மிதித்ததும் எஞ்சின் ஒரு விக்கல் இல்லாமல் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து பஸ் வந்து பக்கத்தில் நின்றது.

கெங்கம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி, மகளைத் தூக்கி ஏற்றச் சொல்லி அழுதாள். இரண்டு பேர் இறங்கி இடமும் விட்டார்கள். பூவம்மாள் புருஷனின் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"நான் பஸ்லயே போய்டட்டா?"

அவனுக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா பூவு, எப்டி ஓடுதுன்னு கேளு. இனிமே நிக்காது. அத்தை, நீங்க முன்னால போய் ஆஸ்பத்திரில சொல்லி வைங்க. பின்னாடியே வர்றோம்."

பூவம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது. இனிமே நிக்காது என்ற அந்த ஒரு வார்த்தையை அவன் விழுங்கியிருக்கக் கூடாதா!

பள்ளிகொண்டாவில் நின்றபோது அவள் வாய்விட்டுக் கத்தினாள். பொய்கைக்கு முன்னால் நின்றபோது சத்தமே இல்லை. உச்சி வெயில், ரோட்டில் ஒரு மாட்டு வண்டிகூட இல்லை. தனகோடி கிண்ணத்தைத் திறந்தான். அடியிலிருந்த தூளை வழித்தெறியப் போனவன், ஷாப்புப் பழக்கத்தில் அதைக் கட்டைவிரலால் தேய்த்தான். புழுதியென்றால் நறநறக்கும். இது வழவழவென்று தேய்ந்தது. பெட்ரோல் காற்றில் போனதும் விரலை மூக்கருகே கொண்டுபோனான். ஆவாரம்பட்டை. புனலைத் திருப்பினால், தோலின் அடிப்புறம் பூராவும் அதே தூள்.

தோலைப் பிய்த்து எறிந்துவிட்டு வேட்டியைக் கிழித்து நான்காக மடித்து வடிகட்டினான். டாங்கை அலசினான். வண்டி கிளம்பியது. அதற்கப்புறம் வேலூர் வரைக்கும் ஒரு சொட்டு வழியவில்லை, ஒரு தரம் திணறவில்லை. பூவம்மாளின் தலை தொட்டியின் விளிம்பில் இடித்துக்கொண்டே வந்தது. அவன் ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் ஓட்டினான். தொட்டபோதே தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கெங்கம்மாள் நின்றிருந்தாள். பக்கத்தில் இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு குந்தியிருந்தார்கள். எஞ்சின் சத்தம் கேட்டதும் அவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். தொட்டிக்குள் குனிந்து பார்த்த ஒருவன், கையிலிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தான். கெங்கம்மாள் மகளின் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. மருமகனைத் திட்டவுமில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"டாக்டரம்மா மூணு தபா வெளில வந்து பாத்தாங்க. வேற கார் அனுப்பட்டுமான்னு கேட்டாங்க, மாப்ளே. வாணாம்மா, எங்க மாப்ளைக்கு வண்டி வேலை தெரியும், வந்துடுவாருன்னு சொல்லிட்டேன்" என்றாள்.