பவானிக்குக் கொடுத்த பவுடர்

1. படியில் உட்கார்ந்த குழந்தை

அன்றைக்குப் பவானி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே எங்கள் பிசியோதெரபி சென்டர் இருந்தது. லிஃப்ட் கிடையாது. இங்கே வருகிற குழந்தைகளுக்கு இந்தப் படிதான் முதல் எக்சர்சைஸ் என்று பெற்றோரிடம் சொல்லிச் சமாளிப்பேன். பவானி டவுன் சிண்ட்ரோம் குழந்தை. கைக்குழந்தையாக வந்தபோது அவளைத் தூக்கினால் ஈரத்துணி மாதிரி கையில் தொங்குவாள். மசில் டோன், அதாவது தசைகளின் இறுக்கம், அவ்வளவு குறைவு. கழுத்தை நிற்கவைத்து, உட்காரவைத்து, பாரலல் பாரைப் பிடித்து நடக்கவைத்து, ஐந்து வயதில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே படியேறி வந்து என் கதவை உள்ளங்கையால் அடிக்கிற அளவுக்குத் தேறியிருந்தாள்.

அப்படி ஏறி வந்தவள்தான் பாதிப் படியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவள் அம்மா கஸ்தூரி தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஒரு மாசமாவே இப்டித்தான் மேடம். எப்பப்பாரு தூங்கிகினே கீறா. சோறு ஊட்டும்போதே கண்ணு சொக்குது."

குழந்தையைப் பாயில் படுக்கவைத்தேன். கை கால் ஜில்லென்று இருந்தது. தோல் சொரசொரப்பாக இருந்தது. அழுத குரலில் ஒரு கரகரப்பு. வயிறு உப்பியிருந்தது. மலம் கழித்து எத்தனை நாளாகிறது என்று கேட்டதற்குக் கஸ்தூரி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். இந்தக் குழந்தைகளுக்குத் தைராய்டு குறைவது சகஜம் என்று படித்திருந்தேன். ஆனால் நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை அல்ல. ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

"மருந்து ஏதாவது கொடுக்கறீங்களா?" என்று கேட்டேன்.

கஸ்தூரி கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "மருந்து இல்ல மேடம். பவுடர்."

2. துரு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் மூளை வளரும், பேச்சு வரும் என்று வெளிநாட்டிலிருந்து ஒரு பேச்சு கிளம்பி, நம் பக்கத்துக்கும் வந்துசேர்ந்தது. விட்டமின் ஏ, சி, ஈ, செலினியம், துத்தநாகம் எல்லாம் கலந்த பவுடரை டப்பாவில் அடைத்து விற்றார்கள். அந்தப் பேச்சு முழுக்க முழுக்கப் புளுகு என்றும் சொல்ல முடியாது. இந்தக் குழந்தைகளுக்கு இருபத்தோராம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதனால் ஒரு என்சைம் உடம்பில் அதிகமாகிறது, செல்கள் சேதமாகலாம் என்று விஞ்ஞானிகள் யோசித்தது உண்மை. ஆனால் பவுடர் கொடுத்தால் அது சரியாகும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. யோசனைக்கும் நிரூபணத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் டப்பா விற்றது.

பவானிக்கு அதைக் கொண்டுவந்தவர் கஸ்தூரியின் அண்ணன் சம்பத். காட்டுப்பாக்கத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். தங்கை குழந்தைக்காகத்தான் முதல் டப்பாவை விசாரித்து வாங்கினார். பிறகு அந்தக் கம்பெனிக்கே ஏஜென்ட் ஆகிவிட்டார்.

பவானியின் அப்பா ஏகாம்பரம் ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்தார். வெள்ளானூரில் நிலம் வைத்திருந்த குடும்பம். அடுத்த முறை அவரே குழந்தையைக் கொண்டுவந்தார். பவுடரைப் பற்றிக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"மச்சான் ஒரே வார்த்தைல புரிய வச்சாரு மேடம். புள்ளையோட செல்லுல துரு ஏறுதாம். நாங்க பேக்டரில துரு புடிக்காம இருக்க தகடுக்கு ரெட் ஆக்சைடு அடிக்கல? அந்த மாரிதான் இதுவும்."

இரும்போடு வாழ்கிற மனிதரிடம் துருவைப் பற்றிச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்? ஐந்து வருடமாக யாரும் அவருக்குக் காரணம் சொன்னதில்லை. டாக்டர்கள் "இது இப்படித்தான்" என்று முடித்துவிட்டார்கள். சம்பத் ஒருவர்தான் காரணமும் சொன்னார், கையில் மருந்தும் கொடுத்தார்.

"குழந்தை ரொம்ப டல்லா இருக்கா. தைராய்டு டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க," என்றேன்.

"அத்தயும் மச்சான்கிட்ட கேட்டேன். உள்ள கீற விஷமெல்லாம் வெளிய வருதாம். அதான் டல்லா கீறாளாம். அளவ கொஞ்சம் ஏத்தி குடுக்கச் சொன்னாரு. ஏத்திட்டேன்."

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர்கள் வரவில்லை.

3. ஞாயிற்றுக்கிழமை

வராத பேஷன்ட்டைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழக்கம் எனக்கு இல்லை. என் சீனியர் ஒருவர், "நாம சொல்றத சொல்லியாச்சு. அதுக்கு மேல அவங்க பாடு," என்பார். ஆனால் இந்தக் குழந்தை விஷயத்தில் அப்படி விட மனசு வரவில்லை. தைராய்டு குறைவாக இருந்து கவனிக்காமல் விட்டால், இருக்கிற கொஞ்சம் வளர்ச்சியும் நின்றுபோகும். பஸ் பிடித்து ஆவடி போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வெள்ளானூர் போனேன். அப்போதுதான் வயல்களில் பிளாட் கற்கள் முளைக்க ஆரம்பித்திருந்தன.

ஏகாம்பரம் மரியாதையாக நாற்காலி போட்டார். முகத்தில் சிரிப்பில்லை. பவானி கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். காலை பதினோரு மணி.

"பவுடரைக் குறை சொல்ல வரல சார்," என்றேன். "ஒரே ஒரு டெஸ்ட். அதுல ஒண்ணும் இல்லன்னு வந்தா நான் திரும்ப இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

"எத்தினி டெஸ்ட் மேடம்? பொறந்ததுலேர்ந்து குத்திகினே கீறாங்க. ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒண்ணு இல்லன்றான், ஒண்ணு கம்மின்றான். ஒருத்தனாவது ஒண்ணு குடுத்தானா? இப்பதான் என் கைல ஒண்ணு கீது. இத்தயும் புடுங்காதீங்க."

அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்த கஸ்தூரி உள்ளே வந்தாள். அதுவரை அவள் கணவர் முன்னால் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"புள்ள ரெண்டு மாசத்துக்கு முன்ன மேடம் கதவத் தட்டினா. இப்ப கைய தூக்க மாட்டேன்றா. நான் நாளைக்கு இட்டுகினு போறேன். நீ வந்தா வா. வராட்டி நான் போய்க்கிறேன்."

திங்கட்கிழமை ஏகாம்பரம்தான் லீவு போட்டுக்கொண்டு குழந்தையைத் தோளில் சாய்த்துத் தூக்கி வந்தார். அவர்கள் கேட்டுக்கொண்டதால் நானும் கூடவே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

4. ரிசல்ட்

டி.எஸ்.எச். மிக அதிகம், டி4 மிகக் குறைவு என்று வந்தது. தைராய்டு வேலை செய்யவே இல்லை என்றே சொல்லலாம். குழந்தைகள் டாக்டர் ஒரு பெண்மணி. பொறுமையானவர். பவுடர் டப்பாவையும் வாங்கி அதில் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தார்.

"இது பலன் தரும்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் எதுவும் இல்ல. ஆனா விட்டமின் ஏ, செலினியம்லாம் அளவு மீறினா கெடுதல் பண்ணும். நீங்க ஏத்திக் கொடுக்கிறது இந்தக் குழந்தைக்கு ரொம்ப அதிகம். நிறுத்திடுங்க. தைராய்டு மாத்திரையைக் காலைல வெறும் வயித்துல கொடுங்க. இதை மட்டும் விடாதீங்க."

ஏகாம்பரம் ஒன்றைத்தான் கேட்டார். "என்னாலதான் இப்டி ஆச்சா?"

"இல்லைங்க. தைராய்டு தானாவே குறைஞ்சிருக்கு. இந்தக் குழந்தைகளுக்கு வரக்கூடியதுதான். நல்லவேளை வந்துட்டீங்க."

சில வாரங்களில் பவானியின் கண் திறந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை எதைப் பார்த்தாலும் அதைத் தாண்டி எங்கோ பார்ப்பதுபோல் இருந்தவள், இப்போது என் கையிலிருக்கும் பந்தைப் பார்த்தாள், பிடுங்கினாள், தராவிட்டால் கத்தினாள். தெரபியை மறுபடி அடியிலிருந்து தொடங்கினோம். பேலன்ஸ் போர்டு, சுவரைப் பிடித்துக் குந்தி எழுவது, படி. வீட்டில் செய்யவேண்டியதை ஏகாம்பரத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மகளோடு குந்தி எழுவாராம். கஸ்தூரி சொல்லிச் சிரித்தாள்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர்கள் செய்யவில்லை. பவுடரை நிறுத்தியதைச் சம்பத்திடம் சொல்லவில்லை. அவர் ஆசையாகக் கொண்டுவந்து கொடுக்கிற டப்பாவை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்கள்.

5. மண்டபத்தில்

என்னிடம் வரும் இன்னொரு குழந்தையின் அம்மாதான் சொன்னார். பூந்தமல்லியில் ஒரு சின்ன மண்டபத்தில் பவுடர் கம்பெனியின் கூட்டமாம். இந்த மாதிரிக் குழந்தைகள் இருக்கிற வீடுகளையெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்களாம். பவுடரால் எழுந்து நடந்த குழந்தை என்று பவானியை மேடையில் ஏற்றப்போகிறார்களாம்.

கஸ்தூரியையும் ஏகாம்பரத்தையும் உட்காரவைத்துப் பேசினேன்.

"உங்க அண்ணன் பொய் சொல்லல கஸ்தூரி. அவருக்குத் தெரியாது. ஆனா அங்க வர்றவங்க பவானியைப் பார்த்து நம்பிட்டு, தங்கள் குழந்தை டல்லா ஆனா டெஸ்ட் எடுக்காம பவுடரை ஏத்துவாங்க. நீங்க ஏத்தின மாதிரியே."

"எங்க கல்யாணத்த நடத்தி வச்சதே அவருதான் மேடம். மூஞ்ச பாத்து எப்டி சொல்றது?" என்றார் ஏகாம்பரம்.

"நீங்க சொல்லலைன்னா நான் எழுந்து சொல்வேன். ஆனா நான் சொன்னா, தெரபிக்கு ஆள் வராம போயிடுமேன்னு பேசறேன்னு சொல்வாங்க. உங்க வாயால வந்தாத்தான் அதுக்கு மதிப்பு."

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவர்கள், அம்பத்தூரிலிருந்து வந்தவர்கள், மடியில் குழந்தைகளோடு. யார் முகத்திலும் ஏமாறப்போகிறோம் என்ற சந்தேகமே இல்லை. சம்பத் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று நின்றார். பவானியை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். அவள் மைக்கை நக்கப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"இவ என் தங்கச்சி பொண்ணு. ஆறு மாசம் முன்னாடி தலையத் தூக்க மாட்டா. இன்னிக்கு நீங்களே பாருங்க," என்று அவளை இறக்கிவிட்டார். அவள் மேடைப்படியை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். ஜனங்கள் கை தட்டினார்கள்.

ஏகாம்பரம் எழுந்தார். நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்திருந்தார்.

"மச்சான், ஒரு நிமிஷம். எல்லாரும் கேளுங்க. என் பொண்ணு எழுந்தது பவுடரால இல்ல."

கைதட்டல் நின்றது.

"இவளுக்குத் தைராய்டு கம்மியா இருந்துச்சு. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. மாத்திரை குடுத்தாங்க. பவுடர அப்பவே நிறுத்திட்டோம். நாலு மாசமா ஒரு ஸ்பூன் குடுக்கல. நான் இத்த மச்சான்கிட்ட சொல்லல. சொல்லாததால அவரு பவுடராலனு நெனச்சிகினு கீறாரு. உங்க புள்ளைங்க டல்லா கீதுன்னா மொதல்ல ரத்தம் எடுங்க. நான் அளவ ஏத்தி உக்காந்துகினு இருந்தேன். நீங்க உக்காராதீங்க."

சம்பத் மைக்கைக் கீழே வைத்தார். "என்கிட்ட ஏன் மாப்ள சொல்லல?"

கஸ்தூரிதான் பதில் சொன்னாள். "நீ டப்பாவத் தூக்கிகினு வரும்போது உன் மூஞ்ச பாத்தா சொல்ல முடில அண்ணா."

கம்பெனியிலிருந்து வந்திருந்த டை கட்டிய ஒருவர் சட்டென்று மைக்கை எடுத்து, ஒவ்வொரு குழந்தையின் உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்று பேச ஆரம்பித்தார். சம்பத் அங்கே நிற்கவில்லை. மருமகளைத் தாண்டிப் படியிறங்கி வெளியே போய்விட்டார். பவானி அவர் பின்னாலேயே "மாமா, மாமா" என்று போனாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

6. பிறகு

அன்றைக்கும் பவுடர் விற்றது. பொய் சொல்ல விரும்பவில்லை. ஏகாம்பரம் பேசியதைக் கேட்டுவிட்டு வரிசையில் நின்று வாங்கிப் போனவர்களையும் பார்த்தேன். அவர்களில் சிலர் என்னிடம் தெரபிக்கும் வந்தார்கள். நான் திட்டவில்லை. டப்பாவைக் கொண்டுவாருங்கள், டாக்டரிடம் காட்டுவோம், கூடவே ரத்தமும் பார்த்துவிடுவோம் என்றேன். தைராய்டு பார்க்காத எந்தக் குழந்தையையும் பாயில் படுக்கவைப்பதில்லை என்று அந்த வருடம் ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை அதைத் தளர்த்தவில்லை. வெளிநாடுகளில் அந்த விட்டமின்களை முறையாகப் பரிசோதித்தபோது பலன் எதுவும் தெரியவில்லை என்று வெகுநாள் கழித்துப் படித்தேன். அப்போது பவானி பெரிய பெண்ணாகிவிட்டாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. பெற்றோர் கையிலிருப்பதைத் தட்டிவிடாதீர்கள். "ஆதாரமில்லை" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர்கள் வீடு திரும்ப முடியாது. செய்வதற்கு ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். குழந்தை தேறினால், எதனால் தேறியது என்பதை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், அந்தக் குழந்தையைக் காட்டி இன்னொரு குழந்தையை ஏமாற்றிவிடுவார்கள்.

சம்பத் தங்கை வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அந்தப் பொங்கலுக்குச் சீர் வரவில்லை. கஸ்தூரி அதைச் சொல்லும்போது அழவில்லை. "என் புள்ள நடக்குது மேடம், அவரு வரும்போது வரட்டும்," என்றாள்.

கோடை முடிந்து ஒருநாள் காலையில் என் அறைக் கதவைத் திறந்தேன். படியில் சம்பத் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், குழந்தையைச் சுமந்தபடி எனக்குத் தெரியாத ஒரு தம்பதி.

"இவங்களுக்கு நான்தான் பவுடர் வித்தேன்," என்றார். "புள்ள ரொம்பத் தூங்குதாம். அந்த ரத்த டெஸ்ட் எங்க எடுக்கணும் மேடம்? கீழ ஆட்டோல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."