இட்டேரிக்குள் லாரி நுழையுமா?

1998 ஐப்பசியில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பார்த்த வேலையை விட்டாயிற்று, அடுத்தது அமையவில்லை. ஆனைமலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டிலிருந்து கிளம்பியவள், கோவை உக்கடத்தில் பொள்ளாச்சி வண்டிக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் மனம் மாறி, சிங்காநல்லூர் போய்ப் பல்லடம் வண்டியில் ஏறிவிட்டேன். பல்லடத்துக்குத் தெற்கே என் சித்தி மகள் மல்லிகாவின் தோட்டம் இருக்கிறது.

சூலூர் வழியாக ஒரு மணி நேரம், டிக்கெட் ஏழரை ரூபாய். பல்லடத்தில் டவுன் பஸ் மாறி இன்னொரு பதினோரு கிலோமீட்டர். அந்த பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்றுதான். விட்டால் போச்சு.

தார் ரோட்டில் இறங்கினால் இட்டேரி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகும் மண் தடம். ஒரு மாட்டு வண்டி போகலாம், எதிரில் இன்னொன்று வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கியாக வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை, நடுநடுவே கள்ளி, மேலே பிரண்டை. முந்நூறு மீட்டர் நடப்பதற்குள் கௌதாரிக் கூட்டம் ஒன்று காலடியிலிருந்து ஓடியது. ஒரு கீரி நின்று என்னை முறைத்துவிட்டுப் போனது.

மல்லிகா கல்யாணமாகி வந்தபோது இந்த ஆறு ஏக்கரும் மானாவாரி, சோளமும் கொள்ளும்தான். பிறகு போர் போட்டார்கள். இப்போது கோழிப்பண்ணைகளுக்காக மக்காச்சோளம், முழங்கால் உயரம் நின்றது. வேலியோரம் நாலு சால் வரிசைக்கு மட்டும் அவள் மருந்து அடிக்க விடுவதில்லை.

நான் போன நேரம் வீட்டில் சண்டை. மக்காச்சோளம் எடுக்கும் வியாபாரி, லாரி களத்துக்கே வந்தால்தான் நல்ல விலை என்று சொல்லிவிட்டாராம். இட்டேரியில் லாரி நுழையாது. எதிர்த் தோட்டத்துச் சின்னசாமி, மல்லிகா வீட்டுக்காரர் தங்கவேலுவுக்குப் பங்காளி. ஆளுக்கு மூன்றடி விட்டால் தடம் அகலமாகும், ஆனால் ஓரடியைக்கூட மற்றவனுக்கு விடுவதில்லை என்று இருவரும் பதினோரு வருஷம் பேசாமல் இருந்தவர்கள். ஆவணியில் ஒரு கல்யாணத்தில் யாரோ ராசியாக்கிவிட்டார்கள். மறுநாள் காலை பொக்லைன் வந்து இரண்டு வேலியையும் எடுப்பதாக ஏற்பாடு.

"அவிக சண்டை போட்டுட்டே இருந்திருக்கலாமுங்க்கா" என்றாள் மல்லிகா. "வடக்கால தோட்டத்துல வேலிய எடுத்துப்போட்டுக் கம்பி கட்டுனாங்க. கீரியும் போச்சு, ஆந்தையும் போச்சு. எலி பாதிக் கதிரத் தின்னுபோட்டுது. இந்த மனுசனுக்கும் தெரியும்."

தங்கவேலு நிமிரவில்லை. "அதுக்கு நான் என்ன பண்ணறது அம்மணி? லாரிய ஆகாசத்துலயா ஓட்டறது?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறொருவர் வேலிக்காக நான் ஏன் இப்படித் தவிக்கிறேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. விடிந்து வெளியே வந்து பார்த்தால் மல்லிகா தன் காட்டுக்குள் நின்று, பச்சை மக்காச்சோளத்தை அரிவாளால் அறுத்துக்கொண்டிருக்கிறாள்! வேலியோரத்து நாலு வரிசையையும் விட்டுத் தள்ளி, நீளவாக்கில் பத்தடி அகலத்துக்கு.

"ரோட்டோரம் ஒரு வாசல் மட்டும் வெட்டுனாப் போதும். லாரி நம்ம காட்டுக்குள்ளயே வரட்டும்" என்றாள்.

கால் ஏக்கர் கிட்டப் போய்விடும். கொங்குநாட்டில் வரப்பு ஒரு சாண் நகர்ந்தாலே அரிவாளோடு வருவார்கள். தங்கவேலு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் உள்ளே போய் இன்னொரு அரிவாளை எடுத்து வந்து அவளுக்குப் பக்கத்தில் குனிந்தார். நானும் சேர்ந்துகொண்டேன். பொக்லைன் வந்ததும், "இட்டேரி வேலியத் தொட்றாதீங்க. உள்ளார உடுங்க" என்றார்.

சின்னசாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். "ஏண்டா, ஓரடி எனக்கு உடமாட்டேன்னு பதினோரு வருசம் பேசாத இருந்தவன், கௌதாரிக்குப் பத்தடி உடறயாக்கும்?"

"அதுக எங்கிட்டப் பாகம் கேட்டு வர்றதில்லீங்கண்ணா" என்றார் தங்கவேலு.

சின்னசாமி வேகமாக வீட்டுக்குள் போய்விட்டார். மாலை பஸ்ஸில் திரும்பும்போதும் எனக்கு அடுத்த வேலை அமைந்திருக்கவில்லைதான். ஆனால் ஜன்னலோரம் கிடைத்து, பல்லடம் வரை தூங்கிவிட்டேன்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலை பஸ்ஸிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும். லாரித் தடத்தில் போகாமல் இட்டேரியில் நடங்கள், பேச்சுச் சத்தம் வேண்டாம். தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு தோட்டத்திலும் கொடுப்பார்கள். ஒன்றில் குடித்ததை மற்றதில் சொல்லிவிடாதீர்கள். தான் விட்டுக்கொடுக்க முன்வந்தும் தம்பி மதிக்கவில்லை என்று சின்னசாமி அன்றோடு பேச்சை நிறுத்தியவர், இன்னும் பேசவில்லை. இரண்டு வேலியும் அப்படியே நிற்கின்றன. இனி யாரும் வந்து ராசியாக்கிவிடக் கூடாது என்பதுதான் மல்லிகாவின் ஒரே கவலை.