மரகதம் பாடிவிட்டுப் போன சரணம்

ஆவி, பேய் என்று எவரேனும் பேச்செடுத்தால் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறவன் நான். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலர்த்தும் இயந்திரத்தைக் கவனித்தவன். வெப்பமானி காட்டாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. கேமரன் மலைக் குளிர் கிழவனின் மூளைக்கு ஏறிவிட்டது என்று தாங்கள் நினைத்தாலும் வருந்தமாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்து மரகதம் வாரநாள்களில் கொழுந்து பறிப்பாள். சனிக்கிழமை மாலைகளில் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு தங்கும் விடுதியில் பாடுவாள். கறுப்பின மக்களின் சோல் இசையை வானொலியில் கேட்டுக் கேட்டுத் தானே கற்று, அதன் ஏக்கத்தையும் கமறலையும் தமிழுக்குள் கொண்டுவந்தவள். நான் இசை படித்தவனல்லன். எனினும் அவள் ஒரு சொல்லை நெஞ்சிலிருந்து இழுத்து நிறுத்துகையில், கோப்பையைத் தூக்கிய கைகள் பாதியிலேயே நின்றுவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவளுடைய பாடல்களுக்குச் சொல் எழுதித் தந்தவன் என்பதே என் வாழ்நாள் பெருமை.

நோயுற்ற பின்னர், எட்டுப் பாடல்கள் கொண்ட இசைத்தொகுப்பு ஒன்றை ஈப்போவில் பதிவு செய்யத் தொடங்கினாள். எட்டாவது பாடலின் கடைசிச் சரணத்தை மட்டும் நான் தரவில்லை. நல்ல சொல் அமையட்டும் என்று நாளைக் கடத்தினேன். "நீங்க ஒரு வரி எழுதுறதுக்குள்ள கொழுந்து முத்திப் போயிடும் அண்ணே," என்று கேலி செய்வாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவள் போய்விட்டாள்.

இடுகாட்டுக்குச் செல்லும் பாதையில் அன்று மண் சரிந்து வண்டி போக வழியில்லை. மண்வாரி இயந்திரம் வரட்டும் என்று ஆண்கள் நாங்கள் கைகட்டி நின்றோம். அவளோடு கொழுந்து பறித்த பெண்கள் சவப்பெட்டியை நெருங்கினார்கள். பெண்கள் இடுகாட்டுக்கு வருவது வழக்கமில்லை என்று ஒருவர் தடுத்தார். "தினம் கொழுந்து மூட்டை தூக்குற தோளுதான லா இது, இவள தூக்காதா?" என்றாள் அவர்களில் மூத்தவளான பாக்கியம். முழங்கால் அளவு சேற்றில் அவர்களே சுமந்து போனார்கள்.

மறுநாள் காலையில் அக்காட்சியையே சரணமாக ஏட்டில் எழுதினேன். காலம் கடந்து எழுதிய வெட்கத்தால் எவருக்கும் காட்டாமல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

இரண்டு மாதம் சென்று, தொகுப்பு வெளிவரும் வாரத்தில், அவள் கணவர் சேகர் பாடல்களை என் கைப்பேசிக்கு அனுப்பினார். எட்டாவது பாடல் முழுமையாக இருந்தது. சரிந்த மண், சேறு, தோழியர் தோள் என என் சரணத்தை அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

நம்பினால் நம்புங்கள், எனக்கு அச்சம் வரவில்லை, சினமே வந்தது. இறந்தவர் குரலில் கணினியே பாடும் காலமல்லவா இது. என் ஏட்டை யாரோ களவாடி அவள் குரலைப் போலியாகச் செய்திருக்கிறார்கள் என்று எண்ணி, தானா ராத்தா ஊரிலிருந்த சேகரிடம் சென்று, இது வெளிவந்தால் பொய்யென்று ஊரறியச் சொல்வேன் என்றேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "வெளியிட வேணாம்னா நிப்பாட்டிடுறேன் அண்ணே. அவ குரல மட்டும் பொய்னு சொல்லாதீங்க," என்றார். சரணத்தை நான் முன்பே தந்திருப்பேன் என்றே அவர் நினைத்திருந்தார்.

ஈப்போ ஒலிப்பதிவாளரைத் தொலைபேசியில் அழைத்தோம். மரகதம் இறப்பதற்கு ஒரு மாதம் முன்னர் பதிவானது என்று கூறி, வெட்டாத மூலப் பதிவை அவர் ஒலிக்கவிட்டார். இருமல் கேட்டது. தண்ணீர் கேட்டாள். பின்னர் அவளே சொன்னாள்: "அண்ணன் இன்னும் தரல. பரவால்ல, எழுதிடுவாரு. நான் பாடிட்டுப் போறேன்."

தொகுப்பு வெளிவரட்டும் என்றேன். என் பெயரும் அதில் இருக்கட்டும் என்றேன்.

வெளியீட்டன்று கோயில் மண்டபத்தில் அவள் குரல் எழுந்தபோது கைக்குழந்தைகள்கூட அழவில்லை. பின்னர் பாக்கியத்தை அணுகி, மரகதம் ஓரிடத்தை மட்டும் மாற்றிப் பாடியிருப்பதைச் சொன்னேன். 'பாதை சரிந்தால் என்ன, ஐந்து தோளிருக்க' என்று நான் எழுதியிருந்தேன். அவள் ஆறு தோள் என்று பாடியிருந்தாள். தூக்கியவர்கள் ஐவர்தானே?

"ஆறு பேரு அண்ணே. எனக்குப் பின்னால இடது பக்கம் ஆள் இருந்துச்சே. அந்த மூலைய யாரும் புடிக்கலன்னா பெட்டி சாஞ்சிருக்காதா?"

யார் அது என்றேன். மற்ற நால்வரையும் அழைத்துக் கேட்டாள். ஒவ்வொருத்தியும் மற்றொருத்தியைக் காட்டினாள். காட்டப்பட்டவள் தான் வேறிடத்தில் தோள் கொடுத்ததாகச் சொன்னாள்.

அன்று சவப்பெட்டிக்கு மூன்றடி பின்னால் நடந்தவன் நான். அந்த இடது மூலையின் கீழ் ஒருவரும் இல்லை. சேறு மட்டுமே தெரிந்தது. மேட்டில் ஏறும்போதும் பெட்டி ஒரு விரற்கடைகூடச் சாயவில்லை. இரண்டையும் இக்கண்களாலேயே கண்டேன். அது அப்போது எனக்கு ஏன் சற்றும் வியப்பாகத் தோன்றவில்லை என்பதற்குத்தான் இன்றுவரை விடை கிடைக்கவில்லை.